கார் நின்ற இடத்தில் ஒரு கதவு

என் அன்பு மகனே,

நைட் ஷிப்ட் முடிந்து வந்து நீ பசியாற உட்காரும்போது மருமகள் ரேவதி இந்தக் கடிதத்தை உன் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பாள். நான் அப்போது உன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருப்பேன். பயப்படாதே, அம்மா நன்றாக இருக்கிறாள், நானும் நன்றாக இருக்கிறேன். வாசல் வரை வந்தவன் உள்ளே வந்து பேசாமல் எதற்குக் கடிதம் கொடுத்தனுப்புகிறான் என்று கேட்பாய். போனில் பேசினால் நான் விஷயத்துக்கு வருவதற்குள் நீ "ஓகேலா ப்பா" என்று வைத்துவிடுகிறாய். நேரில் பேசினால் எனக்குக் கோபம் முந்திக்கொள்ளும், உனக்கும் அப்படித்தான், அது எங்கிருந்து வந்தது என்று யாரும் ஆராய வேண்டியதில்லை. எழுதும்போது கோபம் வந்தால் பேனாவை வைத்துவிட்டு பால் இல்லாமல் ஒரு தே-ஓ குடித்துவிட்டு வந்து தொடரலாம். நிறையவே குடித்தாகிவிட்டது, அம்மா சீனி டப்பாவை எடுத்து மேலே வைத்துவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டுச் சொன்னதை நான் மறக்கவில்லை. ரேவதி ஹாலில் ரவிக்கை தைக்கத் தொடங்கியதிலிருந்து வீடு பாசார் மாதிரி சந்தைக்கடையாகிவிட்டது, பகலில் தூங்க முடியவில்லை, இடுப்பில் சாரோங்கோடு வெளியே வர முடியவில்லை, பாப்பா விளையாடும் இடமெல்லாம் துணியும் நூலும் கிடக்கிறது என்றாய். குண்டூசி காலில் ஏறிய கதையையும் சொன்னாய். கடைசியில், "நீங்க சொன்னா கேப்பாப்பா, விட்டுட்டு மறுபடி கம்பெனி வேலைக்குப் போகச் சொல்லுங்க" என்றாய். நான் உன் பக்கம்தான் நிற்பேன் என்று நம்பித்தான் கூப்பிட்டாய். அந்த நம்பிக்கையில் ஒரு பங்கு சரிதான். மீதியைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடிதம்.

குண்டூசி ஏறிய அன்று நீ என்ன சொன்னாய் என்பதை என்னிடம் சொல்லவில்லை. அம்மாவுக்கு அது வேறு வழியில் வந்து சேர்ந்தது. கல்யாணப் பெண்ணும் அவள் தாயும் அளவு கொடுக்க வந்து உட்கார்ந்திருக்கும்போது, அவர்கள் முன்னாலேயே, இந்த மெஷின் போக வேண்டும், இல்லாவிட்டால் நான் போக வேண்டும் என்று கத்தியிருக்கிறாய். அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். ரேவதி மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டாள். அவள் ஒத்துக்கொண்டாள் என்று நீ நினைத்துக்கொண்டாய். மறுநாள் அவள் உன் அம்மாவைப் போனில் கூப்பிட்டாள். அழவில்லை, உன்னைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அத்தை, பாதி தச்ச ரவிக்கைய கல்யாணப் பொண்ணுகிட்ட எப்படித் திருப்பிக் குடுக்கிறது? என்ன சொல்லிக் குடுக்கணும்?" இந்தச் சனிக்கிழமை எல்லாவற்றையும் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறாளாம். அம்மா போனை வைத்துவிட்டு வெகுநேரம் சோபாவிலேயே உட்கார்ந்திருந்தாள். அதனால்தான் நான் வெள்ளிக்கிழமை வருகிறேன்.

முதலில் உன் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். என் பாதி ஆயுள் கம்பெனி பஸ் ஓட்டியே போனது உனக்குத் தெரியும். கோலா கெத்திலில் ஏற்றிக் கூலிமில் இறக்குவது, அங்கே வேலை முடிந்தவர்களை ஏற்றி இங்கே இறக்குவது. நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களை நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டியிருக்கிறேன். ஜன்னலில் தலை இடிக்க இடிக்க, வாயைத் திறந்தபடி தூங்குவார்கள். எழுப்பி இறக்கிவிட்டால் தன் வீட்டைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வருகிறவர்களும் உண்டு. அப்படிப்பட்ட தூக்கத்தைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. பகலில் ஒருவன் தூங்கினால் அக்கம்பக்கத்தில் ஒரு மாதிரி பார்ப்பார்கள், அவன் இரவெல்லாம் கண் விழித்தது யாருக்கும் தெரியாது. உன் தூக்கம் உன் உரிமை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சாரோங் விஷயத்திலும் நான் உன் கட்சிதான்.

ஏனென்றால் அந்த அவமானத்தில் நான் உனக்குச் சீனியர். உன் தங்கைக்குச் சின்ன வயதில் மூச்சிழுப்பு வந்து பாடாய்ப் படுத்தியது உனக்கு ஞாபகம் இருக்கும். ஷிப்ட் வேலையில் இருந்துகொண்டு அவளைப் பார்க்க முடியாது என்று அம்மா கையுறை கம்பெனி வேலையை விட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் தீபாவளிக்கு முறுக்கு சுட்டுத் தரச் சொன்னதில் ஆரம்பித்தது. பிறகு அதிரசம், பிறகு கல்யாணத் தட்டுகளுக்கு அடுக்கி வைக்கிற சீர்ப் பலகாரம் என்று வளர்ந்து, நீ பொலிட்டெக்னிக் போன சமயத்தில் சுங்கை பட்டாணி டவுன் வரைக்கும் அம்மாவின் பெயர் போயிருந்தது. இந்தத் தாமான் வரிசை வீட்டில் குளியலறை பின்னால், படுக்கையறை முன்னால். ஒருநாள் வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு, இடுப்பில் துண்டோடு பாட்டுப் பாடிக்கொண்டு ஹாலுக்கு வருகிறேன், ஒரு பெண் வீட்டார் முழுக் குடும்பமாக சோபாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். திரும்பி ஓடவும் முடியவில்லை, முன்னால் போகவும் முடியவில்லை. ஈரக் கையோடு வணக்கம் சொன்னேன். ஒரு கையால்தான் சொல்ல முடிந்தது, இன்னொரு கைக்கு வேறு வேலை இருந்தது. அந்தக் குடும்பத்தில் ஒரு பெரியவர் இன்றைக்கும் என்னைக் கோயிலில் பார்த்தால் சிரித்துவிடுவார்.

சாப்பாட்டு மேசையில் நாம் சாப்பிட்டதாக உனக்கு ஞாபகம் இருக்கிறதா? இருக்காது. அங்கே பெயர் எழுதி ஒட்டிய பலகாரப் பொட்டலங்கள்தான் இருக்கும். பழகிய ஆட்கள் நேராக உள்ளே வந்து, தங்கள் பெயரைத் தேடி எடுத்துக்கொண்டு போவார்கள். நாம் டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஊரெல்லாம் தீபாவளிக்கு விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும், உன் அம்மா எண்ணெய் தேய்த்துக்கொண்டு மணைப்பலகையில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போவாள். அவள் ஒரு வீட்டில் வேலை செய்தாள், அதே வீட்டில் களைத்துக் கிடந்தாள், அதே வீட்டில் எழுந்து மறுபடியும் வேலை செய்தாள். காய்ச்சல் வந்தாலும் அவளுக்கு லீவு எழுதிக் கொடுக்க ஆள் இல்லை. எனக்குச் சலிப்பாக இருக்கும், முணுமுணுப்பேன், ஆனால் உன் தங்கை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அம்மா வீட்டில் இருந்தாள். அது ஒன்றுக்காக நான் மீதியைப் பொறுத்துக்கொண்டேன். அவள் எதைப் பொறுத்துக்கொண்டாள் என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

தஞ்சோங் டாவாயில் நெத்திலி லோரி ஓட்டிக்கொண்டிருந்த உன் பெரியப்பா திடீரென்று இறந்துபோன வருடம் நீ பொலிட்டெக்னிக்கில் இருந்தாய். அடக்கத்துக்கு வந்துவிட்டு மறுநாளே பரீட்சைக்குத் திரும்பிவிட்டாய். அதற்குப் பிறகு நம் வீட்டில் நடந்ததை உனக்கு யாரும் சொன்னதில்லை. நமக்குப் பங்காளித் தீட்டு, பதினாறாம் நாள் கருமாதி வரை வீட்டில் நல்ல காரியத்துக்கு எதையும் தொடக் கூடாது. செய்தி வந்த நிமிடமே அம்மா அடுப்பை அணைத்துவிட்டாள். தஞ்சோங் டாவாய் வரை போக முடியாதவர்கள் என்னிடம் துக்கம் கேட்க இங்கே வந்துகொண்டிருந்தார்கள். ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம், உன் பெரிய அத்தை என் பக்கத்தில் இருந்தாள். சாவுக்கு முன்னால் சுட்டு முடித்த சில பொட்டலங்கள் மட்டும் அப்படியே மேசையில் இருந்தன.

அந்த நேரத்தில் வழக்கமாக முறுக்கு வாங்குகிற ஒரு பெண் வந்தாள். வாசலில் நிறையச் செருப்பு கிடப்பதைப் பார்த்து, இன்றைக்கு நல்ல வியாபாரம் போலிருக்கிறது என்று நினைத்திருக்கிறாள். நேராக உள்ளே வந்தாள், எங்களைப் பார்த்துச் சிரித்தாள், தன் பொட்டலத்தைத் தேடி எடுத்தாள். எல்லாரும் அவளையே பார்க்கிறோம். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சத்தமாகச் சொன்னாள், "அக்கா, போய்ட்டு வரேன். அடுத்த வாரமும் வருவேன்லா, மறந்துறாதீங்க." துக்க வீட்டில் யாரும் போய்ட்டு வரேன் என்று சொல்லமாட்டார்கள், வந்தது தெரியும், போவது தெரியாமல் எழுந்து போவார்கள். இவள் அடுத்த வாரமும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போகிறாள். பெரிய அத்தை எழுந்து நின்று ஆடிவிட்டாள். இன்னொரு சாவைக் கூப்பிடுகிறாளே, இது வீடா, பலகாரக் கடையா என்று என்னைக் கேட்டாள்.

வந்தவர்கள் போன பிறகு அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் என் முழுக் கோபத்தையும் கொட்டினேன். "கடைய எங்கயாச்சும் வாடகைக்கு எடு, இல்ல இத விட்டுத் தொலை. எங்கண்ணனுக்கு அழக்கூட இந்த வீட்ல எனக்கு இடமில்ல." ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பேசியபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது இதனால்தான். வார்த்தை வேறு, குரல் அதே குரல்.

அம்மா காலிப் பாத்திரத்தை மூடி வைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள், "எனக்கு மட்டும் இருக்கா? அவரு எனக்கும் அண்ணன் மாதிரிதான். கடைன்னா அதுக்குன்னு ஒரு கதவு இருக்கும், சாத்திட்டு வரலாம். இங்க இருக்கிற ஒரே கதவு வீட்டுக் கதவு. அதுல தொழிலும் வருது, துக்கமும் வருது. நான் எத உள்ள விட்டு எத வெளிய நிறுத்த?" எனக்குக் கோபம் பாதியில் நின்றுவிட்டது. ஆனால் அவள் என்ன கேட்கிறாள் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. கடை எடுப்பதைப் பற்றித்தான் பேசுகிறாள் என்று நினைத்தேன்.

அதோடு இன்னொரு பெரிய தலைவலி இருந்தது. சுங்கை பட்டாணியில் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம், அந்த அம்மாள் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மகள் கல்யாணத்துக்குச் சீர்ப் பலகாரம் முழுவதும் அம்மாவிடம் சொல்லியிருந்தார். அம்மா அதுவரை எடுத்ததிலேயே பெரிய வேலை. கல்யாண நாள் நம் தீட்டுக்குள் விழுந்தது. பெரியப்பா யார், எங்கே இருந்தார், எதுவும் அவர்களுக்குத் தெரியாது. சொல்லாமல் சுட்டுக் கொடுத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று வீட்டுக்கு வந்த சொந்தத்தில் ஒருவர் மெதுவாகச் சொன்னார். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், வாய்விட்டுச் சொல்லாததுதான் வித்தியாசம். அம்மா மறுத்துவிட்டாள். "பேக்கரில வாங்கினா அங்க யாரு செத்தாங்கன்னு கேக்கமாட்டாங்க. என் வீட்ட நம்பித்தான் எங்கிட்ட வாங்குறாங்க. அந்த வீட்டுல நடந்தத மறைச்சா அப்புறம் நான் எத விக்கிறேன்?" இந்த வேலை கைவிட்டுப் போனால் சுங்கை பட்டாணிப் பக்கம் இனி யாரும் கூப்பிடமாட்டார்கள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் போனை எடுத்தாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்மா விஷயத்தைச் சொன்னாள். பிறகு அந்த டீச்சரம்மா, துடக்கு எத்தனை நாள் என்று கேட்டார். தீட்டை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். யோசித்துச் சொல்வதாக வைத்துவிட்டார். அவ்வளவுதான், முடிந்தது என்று நான் எழுந்துவிட்டேன். மறுநாள் அவரே கூப்பிட்டார். "நீங்கள் சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. சொன்னபடியால் உங்களைக் கைவிடவும் எனக்கு மனமில்லை. எங்கட வீட்டுக்குள்ள வர வேண்டாம், கேற்றுக்கு வெளியில இருங்கோ. நாங்கள் சுடுறம், நீங்கள் பதம் சொல்லுங்கோ." என் வாழ்க்கையில் எத்தனையோ ஏற்பாடுகளைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

ஆக, அந்த வாரம் பிற்பகல்களில் அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு சுங்கை பட்டாணி போனேன். அந்த வீட்டுக்கு எதிரில் ரோட்டோரத்தில் ஒரு ரம்புத்தான் மரம், அதன் நிழலில் ஒரு மடக்கு நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். அம்மா அதில் உட்கார்ந்துகொண்டாள். அவர்கள் கேற்று என்கிற வாசல் கேட்டுக்கு உள்ளே, கார் நிற்கிற இடத்தில், டீச்சரம்மாவும் அவர் தங்கைகளும் அடுப்பை வைத்துக்கொண்டு நின்றார்கள். இங்கிருந்து அம்மா குரல் கொடுப்பாள், பாகைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள், உருளுகிறதா என்று. அங்கிருந்து, உருளுகிறது, ஆனால் எங்கள் வீட்டுப் பதம் இதில்லை என்று பதில் வரும். அதிரசத்தை அவர்கள் அரியதரம் என்பார்கள், பெயரில் தொடங்கி எள் போடுவது வரை கேற்றுக்கு இரண்டு பக்கமும் வாக்குவாதம். இரண்டு நாளில் எல்லாரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்த வழியாகப் போன மலாய்க்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, ஏன் அந்த அம்மாவை உள்ளே விடாமல் ரோட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று என்னிடம் வருத்தமாக விசாரித்தார். சாவு, கல்யாணம், பலகாரம் மூன்றையும் நான் மலாயில் விளக்கிய விளக்கத்தில், அவர் என் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். என்ன புரிந்துகொண்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இதையெல்லாம் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. முதல் நாள் திரும்பி வரும்போது நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும். பலகார வேலை அன்றைக்கு முடிந்ததும் அம்மா நாற்காலியை மடக்கிக் கேற்றின் மேல் சாய்த்து வைத்துவிட்டு வந்து காரில் ஏறினாள். வேலை கேற்றுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. வண்டி ரோட்டுக்கு வந்ததும் அவள் அழ ஆரம்பித்தாள். பெரியப்பா பெயரைச் சொல்லி, வாய்விட்டு, வீடு வரும்வரை அழுதாள். செய்தி வந்த நாளிலிருந்து அவள் அழுது நான் பார்க்கவே இல்லை, அடக்கத்தின்போதுகூட வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். நானும் அழுதேன். கண் மறைத்ததால் ஒரு இடத்தில் வண்டியை ஓரம் கட்ட வேண்டியிருந்தது. அப்போதுதான் எனக்கு அவள் அடுப்படியில் சொன்னது புரிந்தது. அவள் கடை கேட்கவில்லை, கதவு கேட்டிருக்கிறாள்.

கருமாதி முடிந்த கையோடு நான் கோலா கெத்தில் டவுனில் இருக்கிற வெல்டிங் கடைக்குப் போனேன். நம் போர்ச்சில் என் கார் நிற்கும், உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைதோறும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நான் கழுவித் துடைக்கிற அந்தக் கார். அதை எடுத்து வெளியே மரத்தடியில் நிறுத்தினேன். போர்ச்சைச் சுற்றி அடைத்து, அடுப்பும் மேசையும் அங்கே போய், ரோட்டுப் பக்கம் நீலப் பெயிண்ட் அடித்த ஒரு இரும்புக் கதவு வைத்தோம். நெஞ்சு உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல், அதில் பொட்டலம் கொடுக்கலாம், பக்கத்தில் ஒரு மணி. தாமானில் எல்லாரும் கேலி செய்தார்கள், காரை வெயிலில் விட்டுவிட்டு முறுக்குக்கு வீடு கட்டியிருக்கிறான் என்று. பறவைகள் தினமும் வந்து என் காரை ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போயின. எனக்கு வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் நீ அடுத்த விடுமுறைக்கு வந்தபோது சாப்பாட்டு மேசையில் சாப்பிட்டாய். ஏன் இப்படி மாறியது என்று நீ கேட்கவே இல்லை, நன்றாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனாய்.

கதவு வைத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பிறகு மணி அடித்தால் திறப்பதில்லை என்று அம்மா சட்டம் போட்டாள், போட்டவளே பலமுறை எழுந்து ஓடினாள், நான் கையைப் பிடித்து உட்கார வைப்பேன். எண்ணெய்ப் புகை வருகிறது என்று பக்கத்து வீட்டில் முகம் சுளித்தார்கள், புகைப்போக்கியின் வாயைத் திருப்பி வைத்த பிறகும் கொஞ்ச நாள் பேசவில்லை. உன் தங்கை, பள்ளிக்கூடத்தில் தன் மேல் முறுக்கு வாசம் அடிக்கிறது என்று சொல்லி அழுதாள். அம்மாவின் முழங்கால் போனது அந்தப் போர்ச்சின் சிமெண்டுத் தரையில் நின்று நின்றுதான், அதற்கு நான் ஒரு ரப்பர் விரிப்புகூட வாங்கிப் போடவில்லை. ஆனால் கதவைச் சாத்தினால் வீடு வீடாக இருந்தது. நான் சாரோங்கோடு ஹாலில் உட்கார்ந்தேன். அம்மா அழ வேண்டுமென்றால் அழுதாள், தூங்க வேண்டுமென்றால் தூங்கினாள், என்னோடு சண்டை போட வேண்டுமென்றால் தாராளமாகப் போட்டாள். அந்த யாழ்ப்பாணத்து டீச்சரம்மா அதற்குப் பிறகு தன் குடும்பத்தில் ஒரு கல்யாணத்தையும் வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.

இப்போது உன் வீட்டுக்கு வருகிறேன். போன முறை வந்தபோது உன் போர்ச்சில் நான் வெகுநேரம் நின்றதைப் பார்த்து, அப்பா என் பழைய மோட்டார் சைக்கிளை ரசிக்கிறார் என்று சந்தோஷப்பட்டாய். நான் போர்ச்சின் அகலத்தைத்தான் கண்ணால் அளந்துகொண்டிருந்தேன். அப்போதே எனக்கு மனதில் ஓடியது, நீ கேட்காமல் மூக்கை நுழைக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை நீயே கேட்டுவிட்டாய். அந்த மோட்டார் ஓடி எவ்வளவு காலம் ஆகிறது? உறை போர்த்திக்கொண்டு, நிழலில், யார் தொந்தரவும் இல்லாமல் கிடக்கிறது. உன் வீட்டில் நிம்மதியாகத் தூங்குவது அது ஒன்றுதான். அதை விற்கச் சொல்லவில்லை. நம் வீட்டுக்குக் கொண்டுவா, நான் துடைத்து வைக்கிறேன், எனக்கும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

அம்மா இப்போது பெரிய ஆர்டர் எடுப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். முழங்கால் விடவில்லை, அவளுக்கே ஆசை வந்த நாளில் அடுப்படியிலேயே கொஞ்சமாகச் சுடுகிறாள். போர்ச் காலியாகத்தான் இருக்கிறது. ரேவதியோடு போனில் பேசிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள் என்றேனே, எழுந்ததும் சொன்னது இதுதான். "அந்தக் கதவக் கழட்டி எடுத்துட்டுப் போங்க. அங்க ஒருத்தி கதவில்லாம நிக்கிறா."  அந்தக் கதவைக் கழற்றுவது அவளுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், இத்தனை வருடம் அந்த ஜன்னல் வழியாகத்தான் அவள் ஊரைப் பார்த்தாள். கேட்டால், அதனாலென்ன, இனிமே காத்து நல்லா வரும் என்கிறாள். நான் காரை மறுபடி உள்ளே விடலாமே என்றாள். விடவில்லை, மரத்தடியே அதற்குப் பழகிவிட்டது, எனக்கும்.

பின்கட்டு அறைதான் உன் வீட்டில் சத்தம் குறைவான இடம், கட்டிலை அங்கே போட்டுக்கொள். மெஷினுக்கு அடியில் போட ரப்பர் விரிப்பு வாங்கியிருக்கிறேன், அவள் கால் வைக்கவும் ஒன்று, இந்த முறை மறக்கவில்லை. அளவு பார்க்க வருகிற பெண்களுக்குப் போர்ச்சுக்குள் திரை கட்டிக்கொள்ளலாம். தரையில் விழும் குண்டூசிகளைப் பொறுக்க அம்மா ஒரு காந்தம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். நீ எந்த நேரம் தூங்குவது, அவள் எந்த நேரம் மெஷினைத் தொடுவது, எந்த நேரத்துக்கு மேல் மணி அடித்தாலும் இருவரும் எழுந்திருப்பதில்லை, இதையெல்லாம் நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். எனக்கு அதில் வேலையில்லை, நான் கதவைக் கொண்டுவருகிற ஆள் மட்டும்தான். ஒன்று மட்டும் சொல்வேன். அந்தக் கல்யாணப் பெண்ணின் வீட்டுக்கு ரேவதி தனியாகப் போக வேண்டாம், நீயும் போ. ரவிக்கையைத் திருப்பிக் கொடுக்க இல்லை. உங்கள் ரவிக்கை நேரத்துக்குத் தயாராகிவிடும் என்று உன் வாயால் சொல்லிவிட்டு வா. அவர்கள் முன்னால் சொன்ன சொல்லை அவர்கள் முன்னால்தான் எடுக்க முடியும்.

ரேவதிக்கு நான் வருவது தெரியும், கடிதத்தில் இருப்பது தெரியாது. கதவைப் பற்றிச் சொன்னபோது, அவருக்கு இஷ்டம் இல்லாமல் வேண்டாம் மாமா, என்றாள். நான், அது அவன் கையில்தான் இருக்கிறது என்றேன். அதற்குப் பிறகு, மெல்ல, அந்த நீலப் பெயிண்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டாள். கேட்கிற குரலில் ஆசை இருந்தது, மகனே. எனக்கு அது போதும் என்று இருந்தது.

இந்நேரம் நீ பசியாறி முடித்திருப்பாய். தூக்கம் கண்ணைச் சுற்றும், எனக்குத் தெரியும். வெளியே நிற்பது என் கூட்டாளி சோமு அங்கிளின் லோரி. கதவைக் கழற்றிக் கட்டி ஏற்றியாகிவிட்டது, மணியையும் கழற்றி என் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். உனக்கு வேண்டாம் என்று தோன்றினால் கோபித்துக்கொள்ள மாட்டேன், அப்படியே திருப்பிக் கொண்டுபோய்விடுவேன். ஆனால் இறக்குவதாக இருந்தால் நீ வர வேண்டும். சோமுவுக்கு இடுப்பு வலி, அவன் ஸ்டியரிங்கை விட்டு இறங்கமாட்டான். கதவு நல்ல கனம். நான் இந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், நீ வந்து அந்தப் பக்கத்தைப் பிடி.

வாசலில் நிற்கும்
உன் அப்பா